அட்மிரல் கிடா காணாமல்போன வழக்கில் மார்லோஸ் ட்ரோஸ் சொன்னது

என் பெயர் மார்லோஸ் ட்ரோஸ். வயது முப்பத்து நான்கு. டெக்ஸல் தீவில் ஒஸ்டரென்ட் ஊரில், தேவாலயத் தெரு பன்னிரண்டாம் எண் வீட்டில் வசிக்கிறேன். சொற்ப மின்சாரத்தில் வெகுதூரம் செய்தி அனுப்பும் சிறு கருவிகளை உருவாக்குவது என் தொழில். இன்று அக்டோபர் 16, வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு டென் பர்க் காவல் நிலையத்துக்கு நானாகவே வந்து, அதிகாரி ஃபெம்கே ரோய் அவர்கள் முன்னிலையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆடுகளில் பதினொன்றுக்கு நான் செய்த கழுத்துப்பட்டைகள் உள்ளன. ஒவ்வொரு பட்டையும் மணிக்கு ஒருமுறை தன் எண்ணையும், தான் இருக்கும் இடத்தையும் நாலைந்து எழுத்தில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். வளவளவென்று பேசாததால் ஒரே பேட்டரி இரண்டு வருடம் தாங்கும். அந்தச் செய்தியைத் தேவாலயக் கோபுரத்தில் நான் மாட்டியிருக்கும் கேட்வே பெட்டி வாங்கி சர்வருக்கு அனுப்பும். அதன்பின் ஆட்டுக்காரர் தன் கைப்பேசி வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏழாம் எண் பட்டை ரெய்யர் கெய்சரின் அட்மிரல் என்ற கிடாவுக்கு உரியது.

கடந்த செவ்வாயன்று நான் ஒரு புதிய நிரலை எழுதி, கைவசம் இருந்த உபரிப் பட்டை ஒன்றில் ஏற்றினேன். ஏழாம் பட்டையின் கோப்பையே நகலெடுத்துத் திருத்தியதால், அதன் எண்ணும் ரகசியச் சாவியும் உபரிப் பட்டைக்கும் போய்விட்டன. இரண்டு பேருக்கு ஒரே பாஸ்போர்ட் கொடுத்த கதைதான். அது அப்போது எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு. முன்பு வந்த எண்ணைவிடக் குறைவாக ஒன்று வந்தால், இது போலி என்று சர்வர் தள்ளிவிடும். சோதனையின்போது பட்டையை அணைத்து அணைத்துப் போடுவதால் எண் ஒன்றிலிருந்தே தொடங்கும். அது தொல்லை என்று அந்தக் காவலை நான் நீக்கிவைத்தேன், திரும்பப் போடவில்லை. என் தொழிலில் பாதிப் பேர் இதைச் செய்வார்கள். மீதிப் பேர் செய்வதில்லை என்று சொல்வார்கள்.

அதன்பின் புதன் மாலை, உபரிப் பட்டையை எங்கள் ஊர் ஆட்டுக்காரர் தேயிஸ் விட்டேயிடம் கொடுத்து, கூரை வேய்ந்த அவருடைய ஆட்டுக் கொட்டகைக்குள்ளிருந்து செய்தி கோபுரத்துக்கு எட்டுகிறதா என்று பார்க்க உத்தரத்தில் தொங்கவிடச் சொன்னேன்.

"இது கடிக்குமாம்மா?" என்றார்.

"கடிக்காது மாமா. சும்மா தொங்கும்."

"என் மச்சான் மாதிரின்னு சொல்லு" என்று வாங்கிக்கொண்டார். அதன்பின் நான் உட்ரெக்ட் நகருக்கு, என் தொழில்காரர்களின் கூட்டம் ஒன்றில் பேசுவதற்காகக் கிளம்பிவிட்டேன்.

இன்று காலை ஏழு மணிக்கு ரெய்யரின் மேய்ச்சல் கதவு திறந்துகிடந்தது, அட்மிரலைக் காணவில்லை. ஏழு பத்துக்கு அவர் கைப்பேசியைத் திறந்தபோது அட்மிரல் தேயிஸின் கொட்டகையில் நிற்பதாகக் காட்டியது. எல்லைக் கரை ஒன்றின் தகராறில் இவ்விருவரும் எட்டு வருடமாகப் பேசுவதில்லை. ரெய்யர் மறுபடி பார்க்கவில்லை, நேரே காவல் நிலையத்துக்கு வந்தார். கொட்டகையைச் சோதித்தபோது கிடா இல்லை. பட்டை மட்டும் உத்தரத்தில் தொங்கியது. பொத்தானை அழுத்தியதும் தன் எண் ஏழு என்றது. கிடாவை விற்றுவிட்டுப் பட்டையைக் கழற்றி ஒளித்துவைத்தார் என்று தேயிஸைப் பட்டையோடு இங்கே பிடித்துவந்தார்கள். மார்லோஸ்தான் கொடுத்தாள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பத்தரை மணிக்கு நான் மேடையேறும் நேரத்தில் அதிகாரி ஃபெம்கே என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். "நான் அவருக்குக் குடுத்தது வெறும் சோதனைப் பட்டைங்க. அதுக்கு ஏழு கிடையவே கிடையாது. ஒரே நம்பர் ரெண்டு பட்டைக்கு வரவே வராது" என்றேன். அதையே பெருமையாக மேடையிலும் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். அந்தக் கைதட்டை நினைத்தால் இப்போது காது கூசுகிறது.

அதன்பின் ரயிலில் ஏறியதும், தேயிஸ் மாமாவா இப்படி என்று மனம் ஒப்பாமல், சர்வர் பதிவைத் திறந்தேன். பகல் ஒன்று ஐந்துக்கு அட்மிரல் இந்தக் காவல் நிலையத்தில் இருந்தது. ஒன்று பதினான்குக்குக் கடலணை ஓரத்தில் இருந்தது. இரண்டு ஐந்துக்கு மீண்டும் காவல் நிலையம். ஒன்பது நிமிடத்தில் அவ்வளவு தூரம் ஓடும் கிடா டெக்ஸலில் இல்லை. வரிசை எண்களைப் பார்த்தேன்: நிலையத்துப் பட்டைக்கு இருபதுக்குள், கடலணைப் பட்டைக்கு எண்ணூற்றுக்கு மேல். ஒரே எண்ணில் இரண்டு பட்டைகள் பேசுகின்றன என்று அப்போதுதான் என் தவறு புரிந்தது. திருட்டு வழக்கு நிலுவையில் இருந்தால், வரும் திங்கள் நடக்கும் கிடா மதிப்பீட்டில் தேயிஸ் தன் கிடாக்களை நிறுத்த முடியாது. வருடம் முழுக்க வளர்த்தது வீணாகும்.

நான்கு மணிப் படகில் இறங்கி நேரே கடலணைக்குப் போனேன். அது தேயிஸின் வெளி மேய்ச்சல். அவர் இங்கே இருந்ததால் இன்று அங்கே யாரும் எட்டிப்பார்க்கவில்லை. பெட்டை ஆடுகளுக்கு நடுவில் அட்மிரல், கழுத்தில் பட்டையோடு, மாப்பிள்ளை முறுக்கில் நின்றது. இணை சேரும் பருவத்தில் எங்கள் கிடாக்களின் நெஞ்சில் சாயக்கட்டி கட்டிவிடுவோம். சேர்ந்த பெட்டையின் பின்புறத்தில் சாயம் ஒட்டும். ரெய்யரின் சாயம் நீலம். தேயிஸுடையது சிவப்பு, அவர் இந்தப் பருவத்தில் இன்னும் கிடாவை இறக்கவேயில்லை. ஒன்பது பெட்டைகளுக்குப் பின்புறம் நீலம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ரெய்யரை அழைத்தேன். வந்தார், எண்ணினார், மறுபடி எண்ணினார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, "நேத்து சாயங்காலம் கதவைச் சாத்துனவன் நான்தான். கொக்கி மாட்டுனேனான்னு இப்ப சந்தேகமா இருக்கு" என்றார்.

ஆகவே தேயிஸ் விட்டே கிடாவைத் திருடவில்லை. என் கோப்பும் என் வாய்த்துடுக்குமே அவரை இங்கே உட்காரவைத்தன. காலையில் தொலைபேசியில் நான் சொன்னது தவறு. அவரை இன்றே விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியபோது ரெய்யர் கெய்சர் அனுமதி கேளாமல் உள்ளே வந்து, தேயிஸ் இருந்த அறைக் கதவைத் தட்டியதும், பின்வருமாறு பேசிக்கொண்டதும் அதிகாரி உத்தரவின்பேரில் சேர்க்கப்படுகிறது.

"தேயிஸு, வெளிய வாய்யா. புகாரை வாபஸ் வாங்கிட்டேன்."

"எதுக்கு? கிடா கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு. உன் ஆடுங்க ஒம்போதோட. நாம சம்பந்தி ஆயிட்டோம்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "சம்பந்தி வந்திருக்காரு, ஒரு காப்பிகூட குடுக்க மாட்டாங்களாய்யா இந்த ஸ்டேஷன்ல?" என்று தேயிஸ் கேட்டார். அதிகாரி ஃபெம்கே எழுந்துபோய் நான்கு காப்பி கொண்டுவந்தார்.

இதில் எழுதியிருப்பது என் வாயால் சொன்னது, என்னை யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை, வாசிக்கக் கேட்டு உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மார்லோஸ் ட்ரோஸ்

சாட்சிகள்: ரெய்யர் கெய்சர், தேயிஸ் விட்டே. யார் பெயர் மேலே வருவது என்று தகராறு எழுந்ததால், இருவரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வரியில் ஒப்பமிட்டனர்.