வழவழப்பான ஆறு துண்டுகள்

தும்பி குளிப்பதில்லை. ஆனாலும் அதன் இறக்கையில் கிருமி தங்காது. இறக்கை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத முட்கள். வந்து உட்கார்ந்த கிருமி குத்துப்பட்டுக் கிழிந்துபோகும். மருந்துமில்லை, விஷமுமில்லை. மூன்று வருடம் ஆய்வகத்தில் மல்லுக்கட்டி, அதே மாதிரி முட்களைச் செயற்கை எலும்புத் துண்டின் மேல் கொண்டுவந்தேன். கால் உடைந்து எலும்பு சிதறிப்போன இடத்தில் அதைப் பொருத்தினால், சீழ் பிடிக்காமல் எலும்பு வளர்ந்து மூடிக்கொள்ளும்.

நான் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். ஆறு நோயாளிகளுக்கு முள் வைத்த துண்டு, ஆறு பேருக்கு வழவழப்பான துண்டு. யாருக்கு எது என்பது குலுக்கலில். வழவழப்பு விழுந்த ஆறு பேருக்குச் சீழ் பிடித்தால்தான் என் முள்ளுக்கு மரியாதை. பிடிக்கவில்லை. எங்கள் சர்ஜன் ஒரு சுத்தப் பைத்தியம், கையைப் பத்து முறை கழுவுகிறவர். பன்னிரண்டு பேரும் ஜம்மென்று நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

என் பேராசிரியர் தாள்களைப் புரட்டினார். "ஏம்மா, மூணு வருஷமா தும்பிதான் பிடிச்சிட்டிருந்தியா? முள்ளு வச்சதும் ஒண்ணுதான், வைக்காததும் ஒண்ணுதான். இன்னொரு சுத்து பாரு. அதுலயும் இப்படின்னா மூட்டையக் கட்டு."

பரம்பரையாகப் படித்தவர்களுக்கு மூட்டை கட்டுவது லேசு. இன்னொரு இடத்தில் அவிழ்த்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவளே நான்தான்.

ஆகவே இரண்டாம் சுற்றில், வழவழப்பான ஆறு துண்டுகளையும் பொட்டலத்தில் போட்டு ஒட்டுவதற்கு முன், கிருமி வளர்த்த தட்டில் ஒரு முறை ஒற்றி எடுத்தேன். சர்ஜனின் சுத்தம் கெடுத்துவைத்ததை நான் சரிசெய்தேன், அவ்வளவுதான். முள் வைத்தவற்றையும் ஒற்றியிருக்கலாமே என்பீர்கள். நல்ல பொருளை யாராவது கெடுப்பார்களா?

அந்தச் சுற்றில்தான் அண்ணன் வந்தான். லாரி ஓட்டுகிறவன், என்னைப் படிக்க அனுப்பச் சொல்லி அப்பாவோடு மல்லுக்கு நின்றவன். விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. "தங்கச்சி செஞ்சதா? அப்ப கண்ண மூடிட்டுப் போடுங்க டாக்டர்" என்று சிரித்தான். குலுக்கல் பெட்டியைப் பிடித்தது நான். அவனுக்கு வழவழப்பு விழுந்தது.

முள் வைத்த ஆறு பேரும் சுகம். மற்ற ஆறு பேருக்கும் சீழ். ஐந்து பேரைத் திரும்ப அறுத்துக் கழுவிக் காப்பாற்றினார்கள். அண்ணனுக்குக் காலை எடுத்துவிட்டார்கள். பேராசிரியர், "பிச்சு உதறிட்டியேம்மா" என்றார்.

அண்ணன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "அழுவாத பாப்பா. உன் முள்ளு ஜெயிச்சிடுச்சுல்ல. இனிமே நான் செருப்பு வாங்கினா ஒண்ணு உனக்கு." நான் அழவில்லை. ஜலதோஷம்.

அவன் சீட்டையாவது மாற்றியிருக்கலாமே என்றுதானே பார்க்கிறீர்கள்? மாற்றியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கிறவர்களைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். கிருமி வைத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். குலுக்கலில் ஒரு சீட்டைக்கூடத் தொடவில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள். பித்தலாட்டம் எனக்குப் பிடிக்காது.