அடுத்தது வரட்டும்

இல்ல, எங்க அண்ணனோடது இல்ல அது. எனக்கு அண்ணனே கெடையாது. தம்பியும் கெடையாது. ஒரே பொண்ணுன்னு பயோடேட்டாவுல ரெண்டாவது வரியில போட்டிருக்கு, வாசிக்கலையோ? சரி, விடுங்க. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி என்னோடது. நான் வாங்கி, நானே ஒவ்வொண்ணா மாட்டி, நான் வெளையாடுத பெட்டி. பளபளன்னு இருக்கேன்னு பாக்காதீங்க, நீங்க வாரீங்கன்னு தொடைக்கல. இந்தத் தெரு பூரா தறி ஓடுதுல்லா, பஞ்சு பறந்து வந்து ஃபேன்ல அடைச்சுக்கிடும். ஞாயித்துக்கெழமதோறும் கழட்டித் தட்டியே ஆகணும்.

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது நான் உக்காருதது. கட்டில்ல உக்காருங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் பத்து நிமிசம் தனியாப் பேசிட்டு வரட்டும்னு கீழ இருந்து அனுப்பி வச்சிருக்காங்க. அதுல ரெண்டு நிமிசம் நீங்க பேசிட்டீங்க. என்ன பேசினீங்க? கம்ப்யூட்டர்ல கேம் ஆடுததெல்லாம் வேஸ்ட்டு, அடுத்த கன்சோல் வரப்போகுது, அது வந்தா இந்த மாதிரிப் பெட்டியெல்லாம் பழைய இரும்புக்காரன்கிட்டதான் போடணும்னு பேசினீங்க. பொண்ணு பாக்க வந்த எடத்துல. நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். கடைசியா ஒண்ணு சொன்னீங்க பாருங்க, கல்யாணத்துக்கு அப்புறம் இத வித்துரலாம், ஒரு வீட்டுல ரெண்டு எதுக்குன்னு. அப்பதான் எனக்கு, என்ன வேய்னு சண்டைக்குக் கூப்பிட வாய் வரைக்கும் வந்துட்டு. கீழ எங்கம்மா இருக்கா, அடக்கிக்கிட்டேன்.

சேச்சே, கோவமெல்லாம் இல்ல. இல்ல, கோவம்தான். எதுக்குப் பொய் சொல்லணும்.

மிச்சம் எட்டு நிமிசம் என்னோடது. கேளுங்க. நாம படி எறங்கினதும் எங்கம்மா வேற யாரையும் பாக்க மாட்டா, என் மூஞ்சியத்தான் பாப்பா. சம்மதமா இல்லியான்னு. முப்பத்தொரு வயசுப் பொண்ணு வச்சிருக்கவளுக்கு இன்னிக்கு ஒரு முடிவு தெரியணும். அந்த மூஞ்சியில நான் என்னத்தக் கொண்டு போறதுங்கறது இந்த எட்டு நிமிசத்துலதான் இருக்கு. அதனால போன உள்ள வைங்க.

மொதல்ல உங்க கட்சியப் பேசுவோம், நியாயமா. கன்சோல்ல நல்லது இல்லைன்னு நான் சொல்லல. வாங்கினோமா, டிவியில சொருகினோமா, ஆடினோமான்னு போயிரலாம். டிரைவர் அப்டேட் போட்டுட்டு, திரை நீலமாகி நின்னா, தலையில கை வச்சு உக்காந்திருக்க வேண்டாம். கேம் செய்யுதவனுக்கும் லேசு. எல்லா வீட்டுலயும் ஒரே பெட்டி, அந்த அளவுக்குத் தச்சுக் குடுத்துருதான். அதே வெலைக்கு ஒரு பீசிய நாம கூட்டினா அந்த வேகம் வராது. இத நான் காலேஜ்ல கிளாசுலயே சொல்லியிருக்கேன், பிள்ளைகள்ட்ட. ஆனா நீங்க பேசினது இருக்கிற கன்சோலப் பத்தி இல்லியே. வராத கன்சோலப் பத்தி.

வராததுக்கு என்னெல்லாம் சொன்னீங்க? ஃபோர் கே-யில செகண்டுக்கு நூத்திருவது ஃபிரேம் ஓடும். லோடிங்கே கெடையாது. பழைய கேமும் ஓடும், பீசி கேமும் ஓடும். வெல மட்டும் ஏறாது. யாரு சொன்னா? ம்? கம்பெனிக்காரன் சொன்னானா? யூடியூப்ல ஒருத்தன் சொன்னான். அவனுக்கு யாரு சொன்னா? இன்னொரு யூடியூப்காரன். ஒருத்தன் வாய இன்னொருத்தன் பாத்து சொல்லுதது. அதுக்குப் பேரு கசிஞ்ச தகவல். எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தன் இப்படி ஒரு அசைன்மென்ட் எழுதிட்டு வந்தா, ஆதாரம் எங்கலேன்னு கேட்டுத் திருப்பிக் குடுத்துருவேன்.

போன தடவையும் இதே வசனந்தான். எல்லா கேமும் அறுவது ஃபிரேம், கண்ண மூடிக்கிட்டு ஆடலாம்னாங்க. வந்தப்புறம்? படம் தெளிவா வேணுமா, ஓட்டம் வேகமா வேணுமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னு மெனுவுல கேக்கான். நீங்களும் ஆடின வரைக்கும் அதத்தான அமுக்கினீங்க? ஆமான்னு சொல்லுங்களேன், குடியா முழுகிரும்? உள்ள இருக்க சிப்பு மட்டும் வானத்துல இருந்தா எறங்குது? பீசிக்கு செய்யுத அதே ஆளுங்கதான் அதுக்கும் செய்யுதாங்க. இப்ப மெமரி வெல ஏறிக்கெடக்கு. ஏஐக்காரங்க அம்புட்டையும் அள்ளிட்டுப் போறாங்க. எனக்கு ஏறுத வெல உங்க கன்சோலுக்கு மட்டும் ஏறாதோ? மாமியார் வீட்டு மெமரியா அது?

சிரிக்காதீங்க. நான் சிரிக்கச் சொல்லல.

என் பெட்டியில ரேம் பத்தலையா, இன்னொண்ணு வாங்கிச் சொருகுவேன். கிராஃபிக்ஸ் கார்டு பழசாயிட்டா, கார்ட மட்டும் மாத்துவேன். பத்தாத எடத்த மட்டும் பாத்து சரி பண்ணிட்டு, இருக்கிறத வச்சு இன்னிக்கு ஆடுவேன். நீங்க ரெண்டு வருசமா ஒரு புது கேமும் வாங்கலன்னு சொன்னீங்கல்லா, எல்லாத்தையும் புதுசு வந்தப்புறம் அதுலதான் ஆடணும்னு. கையில இருக்கிற கன்சோல் மேல துணியப் போட்டு மூடி வச்சிருக்கேன்னு சொன்னீங்க. அத நீங்க பெருமையாச் சொன்னீங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. அது என்ன பாவம் செஞ்சுது? நல்லாத்தான ஓடுது? ஓடுதத மூடி வச்சிட்டு, இன்னும் செய்யவே செய்யாத ஒண்ணுக்கு எடம் ஒதுக்கிட்டு உக்காந்திருக்கது என்ன புத்தி?

நான் என்ன ஆடுவேனா? மிட்டாய் ஒடைக்கிற கேம்னு நெனச்சீங்களோ. கார் ரேஸு. ஸ்டியரிங் அந்தா கட்டிலுக்கு அடியில கெடக்கு, உங்க கால்லதான் இடிக்கி. மிதிக்காதீங்க, பெடல் இருக்கு. அப்புறம் நாலு பேரு சேந்து சுடுத கேம். என் டீம்ல ஒருத்தன் கடையநல்லூர்க்காரன், முகம்மது அப்சல்னு. மைக்க போட்டதும் எதிர்ல ஒருத்தன் ஏ பொம்பளயான்னு கேப்பான். தோத்தப்புறம் கேக்க மாட்டான்.

அப்சல் யாரா? கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான். என் கார்டு அவன்தான் அலைஞ்சு வாங்கிக் குடுத்தான். கல்யாணமாகி ரெண்டு பிள்ள இருக்கு. இம்புட்டு நேரம் பேசுனதுல அந்தப் பேருக்குத்தான் தலையத் தூக்குதீங்க, பாத்தீங்களா.

ஏம்மா, பேசிக்கிட்டுதான் இருக்கோம்! வாரோம்! காப்பி ஆறட்டும், நாங்க வாரோம்!

ம், கேளுங்க. எப்ப சேத்ததா? ரெண்டாயிரத்து இருவத்தொண்ணுல. மாசியில ஆரம்பிச்சேன், ஐப்பசியில முடிச்சேன். எட்டு மாசம். கார்டு எங்கயுமே கெடைக்காத வருசம் அது, ஞாபகம் இருக்கும். மொதல்ல பெட்டி வந்துச்சு, அப்புறம் போர்டு, அப்புறம் ஒவ்வொண்ணா. வெறும் பெட்டிக்கூட்ட மேசையில வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். அந்த எட்டு மாசமும் எங்கப்பாவும் காத்துக்கிட்டுதான் இருந்தாரு. கார்டுக்கு இல்ல. ஒரு போனுக்கு.

ஒரு எடம் வந்து பாத்துட்டுப் போச்சு. ராஜபாளையத்துல எங்க மாமா வீட்டுல வச்சு. மாப்பிள்ளைக்கு சென்னையில வேல. நல்ல குடும்பம்னாங்க. போயிட்டு தகவல் சொல்லுதோம்னு சொல்லிட்டுப் போனாங்க. அவ்வளவுதான். பிடிச்சிருக்குன்னும் சொல்லல, பிடிக்கலன்னும் சொல்லல. எங்கப்பா குளிக்கப் போனாக்கூட செல்போன சோப்பு டப்பா பக்கத்துல வச்சிட்டுதான் குளிப்பாரு. நடுவுல புளியங்குடியில இருந்து ஒரு எடம் கேட்டு வந்தாங்க. அவங்க பதில் வராம இவங்களுக்கு எப்படி வாக்கு குடுக்கன்னு திருப்பி அனுப்பிட்டாரு. எனக்கு ஐதராபாத்துல பிஹெச்.டி எடம் கெடைச்சுது. மாப்பிள்ளை சென்னையில இருக்கும்போது நீ எப்படிம்மா அங்க போய் சேர முடியும், செத்த பொறுன்னாரு. பொறுத்தேன். கடைசித் தேதி போயிட்டு. எங்கப்பா கையில காசில்லாம இல்ல, மனசில்லாம இல்ல. அடுத்தவங்க பதிலுக்கு மரியாத குடுத்தாரு, அதான் செஞ்ச தப்பு. பெறகு தரகர் மூலமா காதுல விழுந்துச்சு, அந்த வீட்டுல இன்னும் நாலு எடம் பாத்துட்டு சொல்லலாம்னு இருக்காங்களாம். இத விட நல்லதா அடுத்தது வரட்டும்னு.

என்ன சொன்னீங்க? என்ன மனுசங்க அவங்கன்னா?

நானும் அதத்தாங்க அஞ்சு வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

அந்த வீடு உங்க வீடுதான். அந்த மாப்பிள்ளை நீங்கதான், இசக்கிப்பாண்டி.

முழிக்காதீங்க. உங்க மேல மட்டும் குத்தம் சொல்ல முடியாது. கொரோனா சமயம், நான் மாஸ்க் போட்டிருந்தேன், பயோடேட்டாவுல வெறும் செல்வின்னு இருந்துச்சு. இப்ப முழுப்பேரு, ஆவுடைச்செல்வி. தரகரும் வேற. பத்தொம்போது எடம் பாத்ததாத் தரகர் சொன்னாரு, அம்புட்டும் பாத்தவருக்கு மூணாவது எட்டாவதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும்? ஆனா உங்கம்மாவுக்கு ஞாபகம் வந்துட்டு. எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு கேட்டாங்கல்லா. கோயில்ல பாத்திருப்பீங்கன்னு எங்கம்மா சொன்னா பாருங்க. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். போட்டோ வந்த அன்னைக்கே தெரியும். தானா திரும்பி வாராங்க, வாயத் தொறக்காதன்னு என்ட்ட சொன்னா. எங்கப்பாவுக்கு மட்டும் யாரும் சொல்லல, போட்டோவும் காட்டல. வாசல்ல உங்களப் பாத்ததும் அவரு வாங்கன்னு சொன்னாரு, அப்புறம் செருப்ப மாட்டிக்கிட்டு பால் வாங்கிட்டு வாரேன்னு போனாரு. வீட்டுல ரெண்டு லிட்டர் பால் இருக்கு.

நான் ஏன் வரச் சொன்னேனா? பதில்னா நேர்ல சொல்லணும்னு. அதுவும் முழு உண்மை இல்ல. இந்த ரூமுக்குள்ள வந்ததும் என் மூஞ்சியப் பாத்து, உங்கள எங்கயோன்னு நீங்க ஆரம்பிச்சிருந்தீங்கன்னா, தெரியாம நடந்துட்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நான் யோசிச்சிருப்பேன். சத்தியமா யோசிச்சிருப்பேன். நீங்க உள்ள வந்ததும் அந்தப் பெட்டியத்தான் பாத்தீங்க. அதையும் அண்ணனோடதான்னு கேட்டீங்க.

அன்னைக்கு மட்டும் என்ன. மாமா வீட்டுக் கூடத்துல பதினஞ்சு பேரு உக்காந்திருக்கோம். உங்க கன்சோலுக்கு அன்னைக்குத்தான் ஆன்லைன்ல புக்கிங் போல, போன்ல இருந்து நீங்க கண்ண எடுக்கல. என்ட்ட கேட்டது ஒரே கேள்வி. இங்கன வைஃபை பாஸ்வேர்டு என்னன்னு. நாந்தான் சொன்னேன், ஒவ்வொரு எழுத்தா. செத்த நேரம் கழிச்சு புக் ஆயிருச்சு போல, தலையத் தூக்கி ஒரு சிரிப்பு சிரிச்சீங்க. நான் எதிர்ல நின்னேன். கூடத்துல எல்லாரும் மாப்பிள்ளைக்குப் பொண்ணப் பிடிச்சுப் போச்சுன்னு நெனச்சாங்க. எங்கப்பாவும் நெனச்சாரு. அந்த ஒரு சிரிப்ப நம்பித்தான் எட்டு மாசம் போன கையில வச்சிருந்தாரு.

எந்திரிங்க, கீழ போவோம். பதில நானே சொல்லிக்கிடுதேன், எல்லாரும் இருக்கும்போதே. செத்த இருங்க, எங்கப்பா பால் வாங்கிட்டு வந்துரட்டும்.