கவிழ்ந்த டம்ளர்

“ராத்திரி ரெண்டு மணிக்கு மேல. திண்டிவனத்துலேருந்து ஒலக்கூர் போற உள்ரோடு. ரெண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை. ஒரு லைட்டு கெடையாது. ஒரே ஒரு பைக்கு வருது...”

“ஓட்டிகினு வர்றது யாரு?” என்றாள் மலர்விழி.

“என் பிரெண்டு இருதயமேரி இருக்கா இல்ல... அவ சித்தப்பா.”

“அதானே பார்த்தேன். எல்லாப் பேயும் பிரெண்டோட சித்தப்பாவைத்தான் புடிக்கும். எவளுக்காவது சொந்த அண்ணனைப் புடிச்சிருக்குதா?”

அம்சவள்ளி போர்வைக்குள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழுப்புரத்துக் கல்யாண மண்டபம். மாடியில் பெண் அறை. கரண்ட் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. விடிந்தால் என் அண்ணன் சேரனுக்கும் காணை ஊர் வேணிக்கும் கல்யாணம். முதல் முடிச்சை அண்ணன் போடுவான். மற்ற இரண்டு முடிச்சும் தங்கச்சி நான் போட வேண்டும். மலர்விழியும் அம்சவள்ளியும் வேணி அண்ணியின் சித்தப்பா மகள்கள். அண்ணி இரண்டு கையிலும் மருதாணியோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தோம்.

பேய்க் கதை கேட்டது மலர்விழி. ஆனால் நான் ஆரம்பித்ததற்குக் காரணம் வேறு.

கொஞ்சம் முன்பு சமையல்கட்டிலிருந்து பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி வந்தது. பேப்பர் கப் தீர்ந்துவிட்டது. மூலையில் குவிந்திருந்த அன்பளிப்புகளில் ஒரு பெட்டியை மலர்விழி கிழித்தாள். எவர்சில்வர் டம்ளர்கள். நாங்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். அண்ணிக்கு ஒன்று ஊற்றித் தலைமாட்டில் வைத்தோம். கையில் மருதாணி, அதனால் அது அப்படியே இருந்தது. நான் ஒரு வாய் குடித்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் டம்ளரைப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே பேர் வெட்டியிருந்தது.

அன்பளிப்பு: கோகுலகிருஷ்ணன்.

பேரை விரலால் மூடிக்கொண்டேன்.

அந்தப் பேர் யாருடையது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தான். நாளைக்கு இந்தக் கையால்தான் வேணி அண்ணி கழுத்தில் முடிச்சுப் போட வேண்டும்... கதையாகச் சொன்னால் அது சொன்னதாக ஆகாது இல்லையா. அப்படித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

“சொல்லுடி. பைக்கு வருது. அப்புறம் இன்னா?”

“மொதல்ல அவரு இன்னா வேலை பார்த்தாருன்னு சொல்லணும். பாண்டியில ஒரு கப்பல்ல சமையல். அந்தக் காலத்துல சரக்கு ஏத்தின மரக்கப்பல், பாய் கட்டி ஓடுனது. மக்கிப்போய்க் கெடந்ததை எவனோ வாங்கி, பலகை மாத்தி, புதுசா பாய் தைச்சு, உள்ள ஏசி ரூமெல்லாம் போட்டுட்டான். பார்ட்டிங்க வந்து நாள்கணக்கா அதுலயே தங்குவாங்க. முதுகுல காத்து சிலிண்டரைக் கட்டிகினு கடலுக்குள்ள குதிச்சு, அடியில போய் மீனு பாறையெல்லாம் பார்த்துட்டு வருவாங்க.”

“காசு குடுத்து முழுவுறானுங்க” என்றாள் அம்சவள்ளி. “எங்க கெணத்துக்கு வரச் சொல்லு. ஓசியிலயே முழுவலாம்.”

“கேளுடி. அந்தக் கப்பலுக்குக் கேப்டன் பொம்மையார்பாளையத்து ஆளு. பச்சைமுத்து. அவரு கப்பல்ல யாரும் வெரல் நீட்டித் தலையை எண்ணக் கூடாது. எண்ணுனா கடலு அதுல ஒண்ணைக் கழிச்சிக்கும்னு சொல்லுவாரு. அதனால டம்ளர் கணக்கு. எத்தனை பேரு தண்ணியில எறங்கறாங்களோ அத்தனை டம்ளர்ல சுக்குக் காப்பி. ஏறி வர்றவங்க குடிச்சிட்டு, தட்டுல கவுத்து வைக்கணும். எல்லா டம்ளரும் கவுந்துச்சுன்னா, எல்லாரும் வந்தாச்சு. நங்கூரத்தைத் தூக்கிடலாம்.”

“நல்லாத்தானே கீது.”

“நல்லாத்தான் இருந்துச்சு... அன்னைக்கு சாயந்திரம் மழை. காத்து. எல்லாருக்கும் சோறாக்கிட்டு சித்தப்பா வெளிய வந்து நிக்கறாரு, கை காலெல்லாம் வெறைக்குது. பார்ட்டியில ஒரு பையன். அவங்க அம்மாவுக்கு ஒரே புள்ள. எறங்கும்போது சித்தப்பாகிட்ட, ‘அண்ணே, எனக்கு வெல்லம் தூக்கலா ஒண்ணு எடுத்து வை’ன்னு சொல்லிட்டு எறங்கினான். இவரும் தனியா எடுத்து மூடி வச்சிருந்தாரு. ஒவ்வொருத்தரா ஏறி வர்றாங்க. குடிக்கறாங்க. கவுத்து வைக்கறாங்க. அந்த ஒரு டம்ளர் மட்டும் ஆறிகினே கெடக்குது...”

கையில் டம்ளர் இருந்தது. குடிக்க முடியவில்லை.

“எடுத்துக் குடிச்சிட்டாரு. அவன் வந்தா புதுசா போட்டுக் குடுத்துக்கலாம்னு. குடிச்ச பழக்கதோஷம்... கவுத்து வச்சிட்டாரு.”

மலர்விழி கிண்டலை நிறுத்தியிருந்தாள்.

“தண்ணியில கூட்டிகினு போன மாஸ்டர், ஒருத்தருக்குக் காதுவலின்னு முன்னாடியே ஏறிட்டாரு. கேப்டன் மேலேருந்து கேக்கறாரு, ‘எல்லாம் வந்தாச்சா?’ சித்தப்பா தட்டைப் பார்த்தாரு. எல்லாம் கவுந்து கெடக்குது. ‘வந்தாச்சு’ன்னாரு.”

“அய்யோ...”

“ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதுதான் ஆளைக் காணோம். திரும்பிப் போனாங்க. லைட்டு அடிச்சுத் தேடுனாங்க. விடிய விடிய. கெடைக்கல... இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல.”

வெளியே நெடுஞ்சாலையில் லாரி ஒன்று போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது.

“கப்பல் ஓனரு சொல்லிக் குடுத்தாரு. அவன் ஏறி வந்துட்டான், ராத்திரி கால் தவறி விழுந்துட்டான்னு சொல்லுன்னு. போலீசுல அப்படித்தான் சொன்னாரு. அந்த அம்மாகிட்டயும் சொன்னாரு. ‘நான்தாம்மா கையில குடுத்தேன். வெல்லம் தூக்கலா கேட்டாரு. நல்லா இருக்குன்னு சொல்லிக் குடிச்சாரு’ன்னு. அந்த அம்மா இவர் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிச்சு. ‘கடைசியா என் புள்ள சூடா ஒரு வாய் குடிச்சிட்டுப் போனானே, அது போதும்பா’ன்னுச்சு. அப்புறம் இவரையே புள்ள மாதிரி... வாரா வாரம் போன் பண்ணும்.”

“அந்தப் பைக்கு?” என்றாள் அம்சவள்ளி மெல்ல.

“வேலையை வுட்டுட்டு அன்னைக்குத்தான் வீட்டுக்கு வர்றாரு. உள்ரோட்டுல திரும்பினதும் வண்டி பின்னாடி அமுங்குது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. பஞ்சர்னு எறங்கிப் பார்க்கறாரு. இல்ல. மறுபடி ஏறினா... ஈர ரப்பர் வாசனை. உப்புத் தண்ணி வாசனை. கடலு எங்க, ஒலக்கூர் எங்க? அப்புறம் காதுகிட்ட சத்தம். மூச்சு. இழுக்கும்போது புஸ்ஸ்ஸ்... வுடும்போது களகளகள. தண்ணிக்கு அடியில வுடற மூச்சு.”

நான் அதை வாயால் செய்து காட்டவில்லை. செய்யப் பயமாக இருந்தது.

“திரும்பிப் பார்க்காம வீடு வந்து சேர்ந்துட்டாரு. சீட்டு பூரா ஈரம். காலையில பார்த்தா, சமையல்கட்டுல யாரும் எடுக்காத டம்ளர் ஒண்ணு கழுவாம கவுந்து கெடக்குது. அன்னையிலேருந்து தெனமும்...”

“கலை.”

சுவர்ப் பக்கமிருந்து வந்தது குரல். மலர்விழி என் கையை இறுக்கிப் பிடித்தாள். வேணி அண்ணி திரும்பவில்லை. அப்படியே படுத்துக்கொண்டே கேட்டாள்.

“ஒங்க வீட்ல மீன் தொட்டி இருக்குதா?”

“இல்ல அண்ணி.”

“நிச்சயம் ஆனதுலேருந்து தெனம் ராத்திரி ஒங்க அண்ணன் போன் பண்ணுவாரு. அவரு பேசாம இருக்கும்போது பின்னாடி ஒரு சத்தம் கேக்கும். புஸ்ஸுன்னு இழுக்கும். அப்புறம் களகளன்னு வரும். ‘இன்னாங்க அது’ன்னேன். ‘மீன் தொட்டி’ன்னாரு.”

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, தலைமாட்டில் இருந்த டம்ளரைக் குனிந்து பார்த்தாள். பேரைப் படித்தாள்.

“பாண்டியில ஓட்டல் வேலைன்னு சொன்னீங்க.”

“ஆமா அண்ணி.”

“இருதயமேரிக்கு சித்தப்பாவே கெடையாது. இல்ல?”

நான் அழ ஆரம்பித்தேன். சத்தியம் பண்ணியதைச் சொன்னேன். அவன் தலையில் கை வைத்ததைச் சொன்னேன். அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“இந்தப் பெட்டியை யாரு குடுத்தது?”

“லட்சுமியம்மாள். அந்தப் பையனோட அம்மா. மகன் பேருல மொய் செய்யறேன்னு வெட்டிக் கொண்டாந்திருக்காங்க போல.”

“வந்திருக்காங்களா?”

“சாயந்திரமே வந்துட்டாங்க. கீழ ஹால்ல படுத்துகினு இருக்காங்க.”

சாயந்திரம் அவர் என் மோவாயைத் தொட்டுக் கொஞ்சியிருந்தார். நீதான் தங்கச்சியா என்று கேட்டார். அந்த விரல் பட்ட இடம் இப்போது எரிகிற மாதிரி இருந்தது.

“ஒங்க அண்ணனுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு.”

நான் போட்டு, போனை அவள் முன்னால் பிடித்துக்கொண்டேன். அண்ணன் உடனே எடுத்தான். அவனும் தூங்கவில்லை.

“சொல்லு கலை.”

“நான் வேணி. அந்தப் பையன் காப்பியை யாருங்க குடிச்சது?”

வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

“கலை சொல்லிட்டாளா” என்றான். கேள்வி மாதிரி இல்லை.

“ரூமை வுட்டு ஹாலுக்கு வாங்க. நானும் வர்றேன். அந்த அம்மாகிட்ட நெஜத்தைச் சொல்லிடுங்க. அப்புறம் பார்த்துக்கலாம்.”

“வேணாம் வேணி. அந்த ஒரு வாய் சூட்டை நெனச்சுத்தான் அந்த அம்மா உசுரோட இருக்குது. அதைப் போய் நான் எப்படிப் புடுங்கறது?”

“நீங்க அந்த அம்மாவுக்காகத்தான் பொய் சொன்னீங்களா?”



“விடியட்டும்” என்றான் கடைசியில். “தாலி கட்டிட்டு நானே சொல்றேன்.”

அண்ணி போனை உற்றுப் பார்த்தாள். காதைக் கொஞ்சம் சாய்த்தாள்.

“இன்னைக்கு அந்தச் சத்தம் இல்லியே” என்றாள்.

“ஆமா. சாயந்திரத்துலேருந்தே இல்ல.” அண்ணன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. “அந்த அம்மா மண்டபத்துக்கு வந்ததுலேருந்து இல்ல. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் தூங்கலாம்னு—”

டக்.

தரையில் உலோகம் படுகிற சத்தம். அண்ணியின் தலைமாட்டுப் பக்கம்.

செல்போன் வெளிச்சத்தைத் திருப்பினேன். நிறைய ஊற்றி வைத்த டம்ளர்... கவிழ்ந்திருந்தது. சாய்ந்து விழவில்லை. வாய் தரையில் படிய, நேராக, தட்டில் வைத்த மாதிரி. சுற்றிலும் ஒரு சொட்டுக் காப்பி சிந்தவில்லை. அம்சவள்ளி அதைத் தூக்கினாள். உள்ளே காலி. அறை முழுக்க ஈர ரப்பர் வாசனை.

மலர்விழி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணி அழவில்லை. எழுந்து கதவைப் புறங்கையால் தள்ளினாள்.

“நீயும் வா கலை. நாளைக்கு முடிச்சுப் போடறவ நீதானே.”

படியில் என் வெறுங்கால் வழுக்கியது. ஈரம். மாடிப்படி முழுக்க ஈரம், கீழே இறங்கிப் போகிற மாதிரி. அண்ணி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஹாலில் வரிசையாகச் சனங்கள் படுத்திருந்தார்கள். மாப்பிள்ளை அறைக் கதவு மூடியே இருந்தது.

தூண் ஓரமாக லட்சுமியம்மாளின் பாய். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். முதுகு எங்கள் பக்கம். வலது கை மடியிலிருந்து கொஞ்சம் உயர்ந்து, இருட்டில் எதையோ மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

“மெதுவா குடிப்பா” என்றார். “யாரும் புடுங்க மாட்டாங்க.”