சின்னத்தாயி போஸ்டர்

— ஏனுங்க ஷாகுல் பாய், ஏரி வரைஞ்ச அந்தப் படுதா இன்னும் இருக்குதுங்களா?

— சாயம் போயிருச்சு, சின்னத்தாயக்கா. தூக்கிப்போட மனசு வரல.

— தொண்ணூத்திமூணுல அதுக்கு முன்னாலதானுங்க நானும் எம்மவ கிருபாவும் நின்னோம். அன்னூர் மாப்பிள்ளை ஊட்டுக்குப் போட்டோ அனுப்பறதுக்கு. அவ உம்முன்னு நிக்கறா, நான் ஈன்னு இளிச்சுக்கிட்டு!

— அல்லா அறிய, அப்படி ஒரு சிரிப்பு அப்புறம் இந்த ஸ்டுடியோல உழுகவே இல்லக்கா. கேன்சர் போஸ்டருக்கு நல்ல மொகம் வேணும்னு ஆஸ்பத்திரிக்காரங்க வந்தப்ப, உங்களக் கேக்காமக் குடுத்துப்போட்டேன். நாலு வருசமா அது நெஞ்சப் போட்டு அறுக்குது.

— பெரியநாயக்கன்பாளையம் சுவரு பூரா நாந்தானுங்க. மாருல கட்டி வலிக்காட்டியும் டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு கீழ எழுதியிருந்துச்சாமா. எழுத்த எவ படிச்சா? மூஞ்சியத்தான் பாத்தாளுக. பஸ்ஸுல எந்திரிச்சு எடம் உட்டாங்க. பக்கத்து ஊட்டு அம்புஜம் எளநீயோட வந்து அழுதா. எனக்கு ஒண்ணுமில்ல அம்மணின்னேன், இன்னும் சத்தமா அழுதா!

— சிரிக்காதீங்கக்கா.

— இப்பச் சிரிக்கலாமுங்க. அன்னிக்கு அன்னூர்க்காரங்க, ஆத்தாளுக்கு வந்தது நாளைக்கு மகளுக்கும் வரும்னு கல்யாணத்த நிறுத்திப்போட்டாங்க. கிருபா மூணு நாள் சோறு திங்கல. பொறவு ஈரோட்டுல நல்ல எடமா அமைஞ்சுது, அது வேற. அன்னிக்கு உங்க கடைக் கண்ணாடிய ஒடைக்கோணும்னு இருந்துச்சுங்க.

— ஒடச்சிருக்கலாம். இன்னிக்கு உங்களக் கூப்புட்டு அனுப்புனதும் அந்தப் போஸ்டர் விசயமாத்தான். கேக்கறதுக்கு நாக்கு எழ மாட்டேங்குதுக்கா.

— அட, சும்மா கேளுங்க.

— எந்த விளம்பரம் ஞாபகம் இருக்குதுன்னு ஆஸ்பத்திரிக்காரங்க ஊர் ஊராப் போய் விசாரிச்சாங்களாம். ரேடியோல சொன்னது, டிவில காட்டுனது ஒண்ணும் யாருக்கும் நெனப்பில்லையாம். அத்தனை பேரும் சின்னத்தாயி போஸ்டருன்னாங்களாம். மறுக்கா அடிக்கோணும்ங்கறாங்க. உங்களுக்கு வேண்டாம்னா இப்பவே நெகட்டிவக் கொளுத்திப்போடறேன்.

— கொளுத்தாதீங்க. ஒண்ணு சொல்றேன், கிருபாவத் தவிர ஆருக்கும் தெரியாது. அன்னூர்க்காரங்க மூஞ்சில உட்டெறியோணும்னு, எனக்கு நோவில்லைன்னு எழுதி வாங்க அந்த ஆஸ்பத்திரிக்கே போனனுங்க.

— எழுதிக் குடுத்தாங்களா?

— இல்லீங்க பாய். சோதிச்சுப் பாத்துப்போட்டு, நல்லவேளை இப்பவே வந்தீங்கன்னு, ஆப்பரேசனுக்குத் தேதி குடுத்தாங்க.