இணைச்சீருக்கு ஒரு மண்டபம்

கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் சமையல்கட்டைப் பார்க்க வேண்டும். மேடையைப் பார்த்து மயங்கிச் சரி என்று சொல்லிவிட்டு, பந்தி அன்று தண்ணீர் வராமல் தலையில் கைவைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, வண்டி எங்கே நிற்கும், அது எந்த வழியாக வெளியே போகும். இவ்வளவும் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. என் கல்யாணத்துக்கு நானேதான் அலைந்து மண்டபம் பார்த்தேன். நீங்கள் ஈஸ்வர் விஷயத்தைக் கேட்கிறீர்கள். அது மண்டபத்தில்தான் தொடங்குகிறது, அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் இளஞ்செழியன். திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பா மாரியப்பன், அக்கா இலக்கியா, நான். அம்மா இறந்தபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதிமூன்று. அதற்குப் பிறகு எனக்குத் தலை துவட்டியது, சோறு ஊட்டியது, காய்ச்சலில் பக்கத்தில் விழித்திருந்தது எல்லாம் அவள்தான். பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை, எந்த டீச்சர் சிடுசிடுத்தாள், எந்தப் படத்துக்குத் தான் அழுதாள், எல்லாவற்றையும் என்னிடம் சொல்வாள். அவள் சொல்லாத ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான்கு வருஷத்துக்கு முன் எங்கள் கிணற்று மோட்டார் புகைந்தது. எரிந்த காயிலை மாற்றிக் கட்டுவதற்கு மெக்கானிக் ஈஸ்வர் வந்தான். எங்கள் சாதி இல்லை, வேறு சனம். மூன்று முறை வந்தான். மூன்றாவது முறை மோட்டாரில் ஒரு பழுதும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா எனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்து மூடிவைத்துவிட்டு, "கடைக்குப் போயிட்டு வாரேன் சாமி, நீ சாப்புடு" என்றாள். நான் சாப்பிடாமல் காத்திருந்தேன். சாயங்காலம் ஃபோன் வந்தது, வாழப்பாடியிலிருந்து. தாலி கட்டியாகிவிட்டது என்றாள். அந்தப் பருப்பு மறுநாள் நுரைத்துப்போகும்வரை அதே இடத்தில்தான் இருந்தது.

அப்பா முதலில் குதித்தார். தலைமுழுகிவிட்டதாக ஊரில் சொன்னார். ஆனால் அப்பாக்களின் கோபத்துக்கு வயதாகும். இந்தத் தை மாதம் எனக்குத் தீபிகாவை நிச்சயம் செய்தபோது, பெண் வீட்டார் ஒரு கேள்வி கேட்டார்கள். மாப்பிள்ளைக்கு இணைச்சீர் யார் செய்வது?

உங்கள் ஊரில் இந்த வழக்கம் இருக்கிறதோ என்னவோ. எங்கள் பக்கம், தாலி கட்டுவதற்கு முந்தைய நாள், மாப்பிள்ளையும் கூடப்பிறந்தவளும் சேர்ந்து நிற்கிற சீர் இது. கூறைச் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும், மறுமுனை சகோதரியின் கையில். சீர் முடியும்வரை எங்கள் வீட்டில் இருவரும் நகர மாட்டார்கள். பெண் வீட்டார் நல்லவர்கள். கூடப்பிறந்தவள் வர முடியாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் செய்தால் போதும் என்று அவர்களே வழியும் சொன்னார்கள்.

அப்பா என்னைப் பார்த்து, "பங்காளி ஊட்டுப் புள்ள எதுக்கு? நம்ம புள்ளயே வரட்டும். அந்தப் பையனயும் கூட்டியாரச் சொல்லு சாமி. நாலு வருசம் கோவத்தத் தூக்கித் திரிஞ்சு தோளு வலிக்குது" என்றார்.

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் மண்டபம் தேடப் புறப்பட்டேன்.

முதலில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒன்று. ஏசி, லிஃப்ட், மேடைக்குப் பின்னால் செயற்கை நீர்வீழ்ச்சி. தீபிகாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. "ஏனுங்க, இதவிட என்னங்க வேணும்? நீங்க மண்டபத்துக்கே பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்க" என்று கிண்டல் செய்தாள். வண்டி நிறுத்த இடம் போதாது என்றேன். தூணுக்குத் தூண் கேமரா இருந்தது. இரண்டாவது ஓமலூரில். விசாலமானது, காற்றோட்டமானது, எதிரே காவல் நிலையம். சொந்தக்காரர்களுக்குத் தூரம் என்றேன்.

மூன்றாவது, சங்ககிரி சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு மண்டபம். சுற்றிலும் மரவள்ளிக்காடு. முன்பக்கம் சாதாரணமாகத்தான் இருக்கும். சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஜெனரேட்டர், அதைத் தாண்டி இன்னொரு கேட், அதற்கு வெளியே மண் பாதை. அந்தப் பாதை எங்கே போகிறது என்று மேனேஜரைக் கேட்டேன். கைவிட்ட கல்குவாரிக்குப் போகிறது, ஒருவரும் போவதில்லை என்றார். அவர் நேர்மையான மனிதர், குறையையும் மறைக்கவில்லை. "ஜெனரேட்டர் பழசுங்க. ஓடுச்சுன்னா பக்கத்துல நின்னு கத்துனாக்கூட கேக்காதுங்க" என்றார். பரவாயில்லை என்றேன். சமையல்கட்டையும் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

அன்று மாலை அக்காவுக்கு ஃபோன் செய்தேன். நான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. என் குரலைக் கேட்டதும் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

"டேய், மாப்பள ஆவப்போறவனே. பொண்ணு எப்பிடிடா? உன்ற கொறட்டயப் பத்திச் சொல்லீட்டயா?"

"நீ வந்து சொல்லுக்கா."

"அப்பா நெசமாவே அவரயும் வரச் சொன்னாரா?"

"நெசமாத்தான்."

"எங்கடா மண்டபம்?"

இடத்தைச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரொம்ப ஒதுக்கமா இருக்குமே சாமி. அவருக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"உன்ற மேல ஒரு கீறல் விழாதுக்கா. என்ற மேல சத்தியம்" என்றேன்.

அவள் அவனைப் பற்றிக் கேட்டாள். நான் அவளைப் பற்றிப் பதில் சொன்னேன். அதைக் கவனிக்காமல், "நீ பாத்த எடம்னாச் செரி. வாரோம்" என்றாள். நான் இன்றுவரை அந்தச் சத்தியத்தை மீறவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மணிமாறன் சித்தப்பாதான் எல்லாவற்றையும் திட்டமிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். சித்தப்பா கிணறு துளைக்கிற ரிக் லாரி வைத்திருப்பவர். வெளி மாநிலங்களில் போர்வெல் போட்டுவிட்டு வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருபவர். அக்கா ஓடிப்போனதை அவர் ஏறக்குறைய மறந்தே போயிருந்தார். நான்தான் ஞாபகப்படுத்தினேன். அக்கா ஓடிப்போனதை வைத்து டீக்கடையில் அவரை ஒருவர் கேவலமாகப் பேசியதாக ஒரு வார்த்தை சொன்னேன். அப்படி யாரும் பேசவில்லை. அவர் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். பிறகு ஒருநாள் அவரைக் கூட்டிப்போய் மண்டபத்தைக் காட்டினேன். பின் கேட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். "எத்தன நேரம் கெடைக்கும்?" என்றார். இணைச்சீர் முக்கால் மணி நேரம் என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் அக்காவும் ஈஸ்வரும் வந்து இறங்கினார்கள். அக்கா பச்சைப் பட்டில் இருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அப்பா வாசலுக்கு நடந்துபோய் ஈஸ்வரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். அவன் அப்பாவின் காலைத் தொட்டான். புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. எல்லோரும் அழுது சிரித்தார்கள். அப்போதும் நான் நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவன் இந்தப் பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிட்டால், அந்தச் செவ்வாய்க்கிழமை சரியானதாக ஆகிவிடும். நான் சாப்பிடாமல் காத்திருந்தது ஒன்றுமே இல்லாமல் போய்விடும்.

சீருக்கு அழைத்தார்கள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவனிடம் போனேன்.

"மாமா, ஜெனரேட்டர் ஒரு மாதிரி இழுக்குதுங்க. ஒரு எட்டு பாத்துட்டு வாரீங்களா?"

நான் அவனை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் முகம் எப்படி ஆனது என்று எழுதச் சொன்னால் என்னால் முடியாது. "மொதல்லயே சொல்லியிருந்தா டூல்ஸ் எடுத்தாந்திருப்பனுங்க மாப்பள" என்று சிரித்தான். புதுச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டே சாப்பாட்டுக்கூடத்தின் வழியாகப் போனான். சித்தப்பாவும் அவருடைய ரிக்கில் வேலை செய்யும் இரண்டு பேரும் கொட்டகையில் இருந்தார்கள்.

மேடையில் அக்கா என் பக்கத்தில் நின்றாள். கூறைச் சேலையின் முனையை நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மறுமுனையை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சின்ன வயதில் ரோட்டைத் தாண்டும்போது என் சட்டையை இப்படித்தான் பிடிப்பாள். மேளம் வாசித்தார்கள். அவளிடம் சீயக்காய் வாசனை வந்தது. அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் இருந்த வாசனை. அந்த முக்கால் மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைப்பது சரியில்லை.

பாதியில் அவள் என் பக்கம் சாய்ந்து, "உன்ற மாமன் எங்கடா? கண்ணுலயே காணோம்" என்றாள்.

"பந்தியில இருக்காருக்கா."

"நா இல்லாம சாப்புட மாட்டாரே."

அவள் சாப்பாட்டுக்கூடத்துப் பக்கம் திரும்பினாள். சேலை இழுபட்டது. ஒருமுறை, பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக. அவள் முனையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சீர் கெட்டுவிடும், தம்பியின் கல்யாணத்துக்கு ஆகாது என்று நினைத்தாள். அப்படித்தான் நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் கையை உடம்போடு இறுக்கிக்கொண்டேன்.

சீர் முடிந்ததும் ஒரு இலையில் சோறு வாங்கிக்கொண்டு மண்டபம் முழுக்க அவனைத் தேடினாள். கூட நானும் தேடினேன். மறுநாள் முகூர்த்தத்தில் தாலி கட்டினேன். அவள் இல்லை, வாழப்பாடிக்கும் மண்டபத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். மூன்றாவது நாள் குவாரித் தண்ணீரிலிருந்து அவனை நீங்கள் எடுத்தீர்கள். சட்டைக்கை முழங்கைவரை மடித்தபடியே இருந்ததாகச் சொன்னார்கள்.

தீபிகா அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சித்தப்பாவைப் பிடித்துவிட்டீர்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாக வந்ததற்குக் காரணம் அக்காதான். எட்டு நாளாக உங்கள் ஸ்டேஷன் வாசலில், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்தால் பக்கத்தில் உட்காரச் சொல்கிறாள். இன்று காலைகூட, "நீ எதாச்சும் சாப்புட்டயா சாமி" என்று கேட்டாள். யார் செய்தது, யார் அவரை அங்கே அனுப்பியது என்று தெரியாமல் எழுந்திருக்க மாட்டாளாம். அதனால் சொல்கிறேன். அனுப்பியது நான். ஆளைச் சேர்த்தது நான். மண்டபத்தைப் பார்த்தது நான். இதில் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு உதவி. இதை அவளிடம் படித்துக் காட்டியதும், வெயிலில் உட்காராமல் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். முதலில் கோபப்படுவாள், பிறகு போவாள், என்னிடம் அவளுக்குக் கோபம் நிலைக்காது. அவளுடைய பழைய அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். மின்விசிறி மாற்றியாயிற்று. கட்டிலும் புதுசு, ஒற்றைக் கட்டில். மண்டபம் பார்த்த அன்றே வாங்கிப் போட்டுவிட்டேன்.