சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம்

டீ நான் நன்றாகப் போடுவேன், டீச்சர். நீங்களே இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறீர்கள். நம் குழுவில் எனக்கு மரியாதை கிடைத்த ஒரே விஷயம் அதுதான் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

பழைய மின்னிசைக் கருவிகளுக்கென்று ஒரு விழா எடுப்பதாக முடிவு செய்து, ஏழு மாதம் ஞாயிறுதோறும் மதியம் என் அத்தானின் பல் கிளினிக்கில் கூடினோம். நீங்கள் இயற்பியல் டீச்சர், அதனால் செயலாளர். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் 'வால்வு' அண்ணன் கருவிகளுக்குப் பொறுப்பு. விரலில் மோதிரம் மாட்டிக் கம்பியை இழுத்தால் அழுகிற பெட்டி, பென்சில் கோட்டில் விரல் வைத்தால் கத்துகிற பெட்டி என்று வாரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். அத்தான் தெரமின் வாசிப்பவர். விழாவின் கடைசி நிகழ்ச்சி அவருடையது. நான் நாற்காலி வாடகைக்கு விடுகிறவன், ஆகவே எனக்கு நாற்காலியும் டீயும்.

தெரமினைத் தொடாமல் வாசிக்க வேண்டும். பெட்டியில் நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கு அருகே கையைக் கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். கைதான் என்றில்லை, எந்த உடம்பு கிட்டே வந்தாலும் ஏறும். என்னுடையது கொஞ்சம் தாராளமான உடம்பு. முதல் ஞாயிறே அத்தான் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார்.

"மாப்ளே, நீ மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லு. நீ மூச்சு விட்டாலே சுருதி மாறுது."

எல்லோரும் சிரித்தீர்கள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். அந்தக் கோட்டை நான் ஒரு தடவைகூடத் தாண்டவில்லை, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

டீ போடும் சின்ன அறை பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. தெரமின் அந்தத் தடுப்பை ஒட்டி நின்றது. ஒருநாள் மேல் அலமாரியில் சர்க்கரை டப்பாவை எட்டி எடுக்கும்போது தடுப்பில் சாய்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் அத்தான் பிடித்திருந்த நீண்ட சுரம் மெல்ல மேலே ஏறியது. விலகினேன், இறங்கியது. மறுபடி சாய்ந்தேன். கோடு ஹாலில்தான் போட்டிருந்தது, டீ அறையில் யாரும் போடவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த வாரம் அலுமினியத் தட்டை நெஞ்சோடு பிடித்துச் சாய்ந்து பார்த்தேன். இன்னும் பிரமாதமாக ஏறியது. நாலைந்து வாரத்தில் அவர் வாசிக்கும் பாட்டு எனக்கு மனப்பாடம். உருக்கமாக இழுக்கும் இடம் வந்ததும் ஒரு சாய்வு, அவ்வளவுதான்.

வால்வு அண்ணன் பெட்டியை இரண்டு முறை பிரித்து மாட்டினார். "பெட்டியில ஒரு குறையும் இல்ல டாக்டர்," என்றார். பெட்டியில் இல்லையென்றால் கையில்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் அத்தானின் கையைப் பார்த்தீர்கள். அவரும் பார்த்தார்.

வீட்டில் கையை நீட்டி அதன்மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தாராம். காகிதம் அசையவில்லையாம். ஆனால் காதால் கேட்டதை எப்படி இல்லை என்பது? முதலில் பல் பிடுங்குவதை நிறுத்தினார். பிறகு ஊசி போடுவதை. வந்தவர்களை வேறு டாக்டரிடம் அனுப்பினார். அக்கா என் கடைக்கு வந்து அழுதாள்.

"உங்க அத்தானுக்குக் கை நடுங்குதாம்டா. கிளினிக்க யாருக்காவது குடுத்துடப் போறாராம். இருபத்திரெண்டு வருஷம்டா!"

பாவமாக இருந்தது. நல்ல இஞ்சி டீ போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது, விழாவுக்கு ஒன்பது நாள்தானே இருந்தது.

கடைசிக் கூட்டத்தில் அத்தான் கோட்டைத் தன் செருப்பாலேயே தேய்த்து அழித்தார். "நீ வாசி மாப்ளே. உன் கை திடமா இருக்கு," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. ஏழு மாதமும் நான் வீட்டில் கருவி இல்லாமலே பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஒரு பிழைகூட வந்ததில்லை.

விழாவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். முதல் சுரமே பூனை வாலை மிதித்த மாதிரி வந்தது. அடுத்தது அதற்கும் மேல். முன்வரிசையில் யாரோ காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டு மேடைத் திரையைத் தூக்கி, "யாருய்யா அங்க தட்டு வச்சிக்கிட்டு நிக்கறது?" என்று கத்தினேன். அப்போதுதான் நீங்கள் ஓரமாகக் கூப்பிட்டு, "தட்டா? எந்தத் தட்டு?" என்று நிதானமாகக் கேட்டீர்கள். கேட்ட பிறகு மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆமாம், நான்தான் செய்தேன். ஏழு மாதம், சுமார் இருபத்தைந்து ஞாயிறு.

திங்கட்கிழமை அத்தான் கிளினிக் சாவியைக் கொடுக்கப்போகிறார், அதற்குள் அவரிடம் சொல்லிவிடுங்கள் என்கிறீர்கள். நீங்கள் சொல்லிப் பார்த்தும் அவர் நம்பவில்லை, நான் வந்து தடுப்பில் சாய்ந்து காட்டினால்தான் நம்புவார் என்கிறீர்கள். நியாயம்தான். ஒரு நிமிஷ வேலை, சாய்ந்து காட்ட எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டாமா?

திரைக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது, ஆள் நிற்க இடமே இல்லை என்றீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என்று கேட்டேன். "அது மூணாவது மாடிங்க. அந்தப் பக்கம் வெறும் ஆகாசம்," என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகம் அன்று கோடு போட்டபோது இருந்த மாதிரியே இருந்தது.

நான் மனதறிந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஏணி வைத்து ஏறி நின்றவர் யாரோ, அவரும் இதேபோல் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். அன்றைக்கே நான் வந்து சாய்ந்து காட்டுகிறேன்.