நல்ல பூதம்

சிவகரன்: …நாடகத்தில வாற பூதத்துக்குப் பச்சை உடுப்பு வேண்டாம் தாட்சாயினி ரீச்சர்.

தாட்சாயினி: பூதத்துக்கு வேற என்ன போடுறது சேர்? வேட்டியோ?

சிவகரன்: பகிடி விடாதேங்கோ. நாளைக்குப் பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினரா வாறவர் ஆரெண்டு தெரியும்தானே? அவரின்ர வன இலாகாக் கந்தோர் ஆக்கள் எல்லாரும் பச்சைதான் போடுறவை.

தாட்சாயினி: ஆர், எங்கட வயலுகளைக் காடெண்டு சொல்லிச் சுத்திவர எல்லைக்கல்லுப் போட்ட கந்தோரோ?

சிவகரன்: மெல்ல… பிள்ளையள் நிக்குதுகள்.

தாட்சாயினி: பிள்ளையளுக்குத் தெரியாத விசயமே? அதுகளின்ர வயலும் கல்லுக்கு உள்ளதானே கிடக்குது. சரி, பூதத்துக்கு ரோஸ் போடுறன்.

சிவகரன்: ரோஸ் நல்லம். அந்தாள் பள்ளிக்கூடத்துக்கு மேசை கதிரை செய்ய மரம் தாறன் எண்டவர். ஒரு அதிபரா நான் அதையும் பாக்கவேணும்.

தாட்சாயினி: எந்த மரம்? எங்கட வரம்பில நிண்ட மருதையோ? எங்கட மரத்தை எங்களுக்கே தாறதெண்டா பெரிய மனசுதான்.

சிவகரன்: அடுத்தது… பூதம் கல்லு நடுகிற காட்சி.

தாட்சாயினி: அதுதானே சேர் கதை! சனம் இடம்பெயர்ந்து போகுது. ஆளில்லாத நேரம் பாத்துப் பூதம் வந்து வயலைச் சுத்திக் கல்லு நடுகுது. திரும்பி வந்த சனத்திட்ட, இது என்ர காடு எண்டு சொல்லுது…

சிவகரன்: ஆண்டு நாலுப் பிள்ளையளின்ர இசை நாடகம் இது. ராசகுமாரி, முயல், மயில் எண்டு ஆடிப் பாடிப்போட்டு இறங்கிறதை விட்டுட்டு…

தாட்சாயினி: முயலும் இருக்குது சேர். முயலுக்கும் வளை போச்சுது.

சிவகரன்: கல்லை எடுங்கோ. பூதம் பூக்கண்டு நடட்டும்.

தாட்சாயினி: பிறகேன் சனம் அழுகுது?

சிவகரன்: …சந்தோசத்தில.

தாட்சாயினி: ஓ. பூக்கண்டைக் கண்ட சந்தோசத்தில ஊர் முழுக்கக் குளறி அழுகுது. நல்ல ஊர். பூதமா நடிக்கிற விதுசன்தான் பாவம், தொண்டை கட்ட உறுமிப் பழகினவன்.

சிவகரன்: உறுமல் வேண்டாம். சிரிக்கட்டும்.

தாட்சாயினி: வாயில பெரிய பல்லுக் கட்டியிருக்கிறமே?

சிவகரன்: கழட்டுங்கோ.

தாட்சாயினி: பச்சையும் இல்லை, பல்லும் இல்லை, கல்லும் இல்லை. ரோஸ் உடுப்போட சிரிச்சுச் சிரிச்சுப் பூக்கண்டு நடுகிறதைப் பூதமெண்டு ஆர் நம்பும்? பெயரையும் மாத்தி ‘காட்டு மாமா’ எண்டு வைப்பமோ?

சிவகரன்: அது நல்லாயிருக்கே!

தாட்சாயினி: நான் பகிடிக்குச் சொன்னனான்.

சிவகரன்: நான் பகிடியில்லாமல் சொல்லுறன். மாத்துங்கோ.

தாட்சாயினி: மாத்திறன்… ராசகுமாரியா வாற தேனுகா இப்ப மாமாவை என்ன செய்யவேணும்?

சிவகரன்: மாலை போடட்டும்.

தாட்சாயினி: எந்த மாமாவுக்கு? மேடையில நிக்கிறவருக்கோ, முன்வரிசையில இருக்கிறவருக்கோ?

சிவகரன்: ரெண்டு பேருக்கும் போட்டா என்ன குறைஞ்சு போகும்?

தாட்சாயினி: ஒண்டும் குறையாது. குறையிறதுக்கு எங்களிட்ட என்ன மிச்சம் கிடக்குது… சரி சேர், எல்லாம் நீங்கள் சொன்னமாதிரியே செய்யிறன். கடைசிப் பாட்டை மட்டும் விடுங்கோ.

சிவகரன்: எது, ‘எங்கட வயலை எங்களுக்குத் தா’ எண்டு பிள்ளையள் வரிசையா முன்னுக்கு வந்து பாடுறதோ? முதல் வெட்டவேண்டியதே அதுதான்!

தாட்சாயினி: ஏன் பயப்பிடுறீங்கள்? அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்துக் கதிரையில இருந்து சிங்களத்தில எடுத்துச் சொல்லப்போறது நீங்கள்தானே. எப்பவும் நீங்கள்தானே.

சிவகரன்: …அதுவும் உண்மைதான்.

தாட்சாயினி: என்னெண்டு சொல்லுவீங்கள்?

சிவகரன்: நன்றிப் பாட்டெண்டு சொல்லுவன்.

தாட்சாயினி: போன வருசம் இவர் வந்த குளத்தடிக் கூட்டத்திலயும் அப்பிடித்தான் சொன்னனீங்களோ?

சிவகரன்: எந்தக் கூட்டம்… எனக்கு ஞாபகம் இல்லை.

தாட்சாயினி: எனக்கிருக்குது. எங்கட அம்மா எழும்பி நிண்டு, என்ர வயலை விடுங்கோ ஐயா, அதுதான் எங்கட சோறு எண்டு அழுதவா. நீங்கள் அதைச் சிங்களத்தில சொன்னீங்கள். அவர் அப்பிடியே உருகிப்போய்க் கும்பிட்டுப்போட்டு, அம்மாவின்ர கையில ஒரு தேக்கங்கண்டைக் குடுத்தார்.

சிவகரன்: நல்ல மனுசன்.

தாட்சாயினி: நடுகிறதுக்கு நிலமில்லாத மனுசிக்குத் தேக்கங்கண்டு! காணி தரப்போகினம், அதுக்கு அடையாளமாத்தான் இது எண்டு அம்மா நம்பினவா. அண்டைக்கே கோயிலில பொங்கினவா சேர்.

சிவகரன்: அதை விடுங்கோ, நேரம் போகுது.

தாட்சாயினி: என்ன சொன்னனீங்கள் அவருக்கு?

சிவகரன்: உங்கட அம்மா, நேசமலர் அக்கா… மரம் வளக்க ஆசைப்படுறா எண்டு… இஞ்சை பாருங்கோ, கோபப்படுத்தினா உள்ளதும் போயிடும். பதமாக் கதைச்சுத்தான் ஒவ்வொண்டா எடுக்கவேணும்.

தாட்சாயினி: எடுத்துத்தானே இருக்கிறீங்கள். நேரா வந்த கல்லு உங்கட வயலடியில மட்டும் வளைஞ்சு போகுது. கல்லுக்குக்கூட அதிபரெண்டா ஒரு மரியாதை.

சிவகரன்: அது… அளந்தவை அப்பிடி அளந்திருக்கினம்.

தாட்சாயினி: ஓம், ஓம். நான் ஒண்டும் சொல்லேல்லையே. அம்மா அந்தக் கண்டை ஒரு வாளிக்குள்ள வச்சு இப்பவும் தண்ணி ஊத்திறா. அதைப் பாக்கத்தான் எனக்கு வயிறெரியுது.

சிவகரன்: சரி, சரி… பாட்டு இருக்கட்டும். உங்கட மனசுக்காக விடுறன். காட்டு மாமா நீடூழி வாழ்க எண்டு பிள்ளையள் பாடுதுகள் எண்டு அவரின்ர காதில போட்டுவிடுறன். அந்த நேரம் நீங்கள் என்னைப் பாத்து முறைக்காம இருந்தாக் காணும்.

தாட்சாயினி: பெரிய உபகாரம் சேர்.

சிவகரன்: பாத்தீங்களே, சண்டை சச்சரவில்லாமல் முடிஞ்சுது. வேற ஒண்டும் எனக்குச் சொல்லாம வைச்சிருக்கேல்லைத்தானே?

தாட்சாயினி: ஒண்டே ஒண்டு. கடைசிப் பாட்டு நடக்கேக்க நீங்கள் வாய் நோகக் கதைக்கத் தேவையில்லை, ஆறுதலா இருந்து ரோல்ஸைச் சாப்பிடுங்கோ. உங்களுக்குப் பாடிக் காட்டினதுதான் தமிழ்ப் பாட்டு. சிங்களம் படிப்பிக்கிற எங்கட பரீனா ரீச்சர் அதை ஒரு சொல் விடாம மாத்தி எழுதிப் பழக்கியிருக்கிறா… நாளைக்குப் பிள்ளையள் சிங்களத்திலதான் வயலைக் கேக்கப்போகுதுகள் சேர்.